ரெண்டு பயோடேட்டா, ஒரே எட்டு வருஷம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு வேலை வேண்டுமானாலும் பயோடேட்டா அடித்துக் கொடுப்பது நான்தான். ஆபீஸில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன் என்ற ஒரே பாவத்துக்காக. பெரியப்பா மகனுக்கு இல்லாத கம்ப்யூட்டர் அறிவை உண்டாக்கியிருக்கிறேன். சித்தியின் மருமகன் வேலைக்குப் போகாமல் தூங்கிக் கழித்த காலத்தைச் 'சுயதொழில்' ஆக்கியிருக்கிறேன். கை கூசியதே இல்லை. அப்படிப்பட்டவள் அன்றைக்குக் காலையில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வரியை அடிக்க முடியாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரியை ஏற்கெனவே ஒரு தடவை அடித்தாயிற்று. அதுதான் சிக்கல். போன வாரம் அண்ணனுடைய பயோடேட்டாவில் அடித்தேன்: 'பேட்டர்ன் மாஸ்டர், எட்டு வருட அனுபவம்.' இப்போது அதே ஃபாக்டரி, அதே வேலை, அதே எட்டு வருஷத்தை இன்னொரு ஆளுடைய பயோடேட்டாவில் அடிக்கச் சொல்லி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அண்ணி.

"அடிம்மா. எதுக்கு யோசிக்கிற?" என்றாள்.

"அவ எப்படி அடிப்பா?" என்றான் அண்ணன். சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிவி ஓடவில்லை.

தையல் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சட்டை, சட்டைக்கு மேல் போடும் ஒரு ஜாக்கெட் என்று எதைத் தைப்பதானாலும் முதலில் அதன் ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரைய வேண்டும். முன்பக்கம், முதுகு, கை, காலர் எல்லாம் தனித்தனியாக. அந்தக் காகித அச்சுதான் பேட்டர்ன். அதை வைத்துத் துணியை வெட்டுகிறவர் கட்டிங் மாஸ்டர். அதை வரைகிறவர் பேட்டர்ன் மாஸ்டர். முன்னவருக்குக் கை சுத்தம் வேண்டும், பின்னவருக்கு மண்டைக்குள்ளே ஒரு ஆளே நிற்க வேண்டும். அண்ணன் அருமையான கட்டிங் மாஸ்டர். அதில் யாரும் அவன்மேல் விரல் நீட்ட முடியாது. ஆனால் அந்த ஃபாக்டரியில் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் திடீரென்று விலகிப் போனபோது, முதலாளி எல்லாரையும் நிற்கவைத்து, "உங்கள்ல யாருக்குப் பேட்டர்ன் போட வரும்?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் கையைத் தூக்கிவிட்டான். ஏன் தூக்கினாய் என்று நான் பிறகு கேட்டதற்கு, "பக்கத்துல நின்னவன் தூக்கிருவானோன்னு பயமா இருந்துச்சு" என்றான். அவன் அப்படித்தான்.

அவனுக்குப் பேட்டர்ன் போட வராது. அண்ணிக்கு வரும். கல்யாணத்துக்கு முன்னால் முறையாகப் படித்து, கல்லூரியில் பரிசெல்லாம் வாங்கியவள். கையைத் தூக்கிய அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் ஒரு ஜாக்கெட் படத்தைக் கொண்டுவந்து இதே மேஜையில் வைத்தான். அண்ணி பிரவுன் பேப்பரை விரித்தாள். காலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தாராம். அப்படி ஆரம்பித்தது எட்டு வருஷம் ஓடிவிட்டது. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்ததில்லை. "அவன் வீட்டுக்குக் கூட வேலையைத் தூக்கிட்டு வர்றான் பாவம்" என்று எங்கள் அம்மா பெருமையாகச் சொல்லும்போது, அண்ணி அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள்.

இப்போது அந்த ஃபாக்டரிக்குப் பூட்டு விழுந்துவிட்டது. அங்கே தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் ஆர்டரெல்லாம் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டது. பழைய பேட்டர்ன்கள் பூட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டன. அதனால் அந்தக் கம்பெனி விளம்பரம் கொடுத்திருந்தது: பேட்டர்ன் மாஸ்டர் தேவை, குறைந்தது ஐந்து வருட அனுபவம், அந்த ஜாக்கெட்டுகளில் வேலை செய்தவர்களுக்கு முன்னுரிமை. அந்த விளம்பரத்தில் அண்ணியின் பெயர் ஒன்றுதான் இல்லை. ஆனால் மனுப் போட்டது அண்ணன். அடித்தது நான். நேரில் வந்து வரைந்து காட்டச் சொல்லிக் கம்பெனியிலிருந்து பதில் வந்த பிறகுதான் இவன் வழி தேட ஆரம்பித்தான்.

"முதுகு பிடிச்சிருக்குன்னு சொல்லி, படத்த மட்டும் வாங்கிட்டு வந்துடறேன். நீ வரைஞ்சு குடு. மறுநாள் கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றான் அண்ணியைப் பார்க்காமல்.

"அங்க பேப்பர வெளிய கொண்டுபோக விடமாட்டாங்க. போட்டிருக்காங்களே, படிக்கலையா?" என்றாள் அண்ணி. "வேலை கிடைச்சாலும் எல்லாத்தையும் அங்கயே உக்காந்துதான் வரையணும். தினமும் முதுகு பிடிக்குமா?"

"அதுக்காக நீயும் மனுப் போடுவியா? ஒரே வீட்டுலேந்து ரெண்டு பேரு, ஒரே எட்டு வருஷம். கிறுக்குப் பிடிச்ச குடும்பம்னு ரெண்டையும் குப்பைல போடுவாங்க."

அதில் நியாயம் இருந்தது. நானே போட்டிருப்பேன். அதனால் நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். "அண்ணி, வீட்டிலிருந்தே பேட்டர்ன் வரைஞ்சு குடுத்தேன்னு பொதுவா போடலாமா? கம்பெனி பேரு வேண்டாம்."

"யாருக்கு வரைஞ்சேன்னு கேப்பாங்களே?"

"படிப்ப மட்டும் போடலாமா?"

"அப்ப பட்டனுக்குக் காஜா போடற வேலை குடுப்பாங்க."

அண்ணனுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. எழுந்து மேஜைக்கு வந்தான். பெரிய மனது பண்ணுகிறவன் குரலில், "அஸிஸ்டென்ட்னு போட்டுக்கோயேன். எனக்கு அஸிஸ்டென்ட். அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றான்.

அண்ணி சிரித்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"யாருக்கு யாரு அஸிஸ்டென்ட்?" என்றாள்.  "நான் சொல்றத அப்படியே அடிம்மா. இந்த ஃபாக்டரியில் தைத்த ஜாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் எட்டு வருடம் பேட்டர்ன் வரைந்தவள் நான். சம்பளப் பட்டியலில் என் பெயர் இருக்காது."

அடித்தேன். இத்தனை வருஷத்தில் நான் அடித்த பயோடேட்டாக்களில் இப்படி ஒரு வரி வந்ததில்லை. வேலை கேட்கிறவர்கள் யாரும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதில்லை.

"நீ அத அனுப்பினேன்னா..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.  "எனக்குக் கீழ வேலை பாத்தவங்கள்லாம் என்ன நெனைப்பாங்க? மாஸ்டர், மாஸ்டர்னு எழுந்து நின்னவனுங்க. கொஞ்சமாவது யோசிச்சியா?"

"எட்டு வருஷமா அத மட்டும்தான் யோசிச்சேன்" என்றாள் அண்ணி.

என் விரல் அனுப்பும் பட்டனுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவன் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அண்ணி மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டித் தானே தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. அண்ணனுக்குக் காபி வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்த்துச் சொல்வான். அண்ணி கொண்டுவந்து ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டுப் போவாள். "ஜன்னல் குடிச்சிட்டுக் குடுத்தாத்தான் உனக்கு" என்று நான் ஒரு நாள் சொன்னேன். ரெண்டு பேருமே சிரிக்கவில்லை. பிறகுதான் கம்பெனியிலிருந்து அண்ணிக்கும் பதில் வந்தது. அதே நாள், அதே நேரம். கடைசியில் ஒரு வரி: 'இருவரும் சேர்ந்து வரவும்.'

அவர்களை என் காரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணி முன்னால், அண்ணன் பின்னால். அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அண்ணி மடியில் ஒரு துண்டில் சுற்றி அவளுடைய வளைவு ஸ்கேலும் டேப்பும் வைத்திருந்தாள். வழியில் அண்ணன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். "இப்பக்கூடத் திரும்பிடலாம்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. நான் வண்டியைத் திருப்பவில்லை.

கம்பெனியில் சாம்பிள் தைக்கும் அறை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் வரிசை வரிசையாக மெஷின்கள். சத்தம் கண்ணாடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நடுவில் படுத்துத் தூங்கலாம் போல ஒரு நீள மேஜை, ஓரத்தில் இரும்புக் கம்பியில் மாட்டிய பிரவுன் பேப்பர் சுருள், தலை இல்லாத ஒரு பொம்மை. ஒரு மூலையில் ஒருவர் நீராவி இஸ்திரியால் காலரை அழுத்திக்கொண்டிருந்தார். சுவரோரம் தொங்கிய ஜாக்கெட்டுகளைப் பார்த்ததும் அண்ணியின் நடை ஒரு கணம் தடுமாறியதைப் பார்த்தேன். பழைய ஃபாக்டரி ஜாக்கெட்டுகள்தான் அவை. தைத்து முடித்த உருப்படியாக அவற்றை அவள் பார்த்தது அன்றுதான் முதல் தடவையாம். பிறகு சொன்னாள்.

அந்தப் பிரிவின் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் அவரை மேடம் என்றார்கள். என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"தங்கச்சி. அவருக்கு. ரெண்டையும் டைப் பண்ணது நான்தான்."

"அப்ப நீங்களும் உக்காருங்க. உங்களையும் கேக்க வேண்டியிருக்கும்."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு பயோடேட்டாவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே எழுத்து, ஒரே இடைவெளி. என் அழகான கைவேலை. 

"இதுல ஒண்ணு பொய்" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. "எதுன்னு நான் கண்டுபிடிக்கணுமா, நீங்களே சொல்றீங்களா? எனக்கு நம்பிக்கையான ஆளு வேணும். பேட்டர்ன்ல ஒரு பொய் போச்சுன்னா லாரி லாரியா துணி வீணாப் போகும்."

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். காரில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியிருக்கிறான் போலிருக்கிறது. "பொய்யின்னு ஒண்ணும் இல்ல மேடம். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம். நான் பேட்டர்ன் வேலைய வீட்டுக்குக் கொண்டு போவேன். அவங்க கூடமாட ஒத்தாசையா இருப்பாங்க. அவங்களுக்கும் ஒரு ஆசை இருக்கும்ல, அதான் அப்படி எழுதிட்டாங்க."

கூடமாட ஒத்தாசை! வெங்காயம் உரித்துக் கொடுத்த மாதிரி சொல்கிறான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.  அண்ணியின் காது சிவந்துபோயிருந்தது.

மேடம் எழுந்து போய்த் தொங்கியவற்றில் ஒரு ஜாக்கெட்டை எடுத்து வந்து அண்ணன் முன்னால் போட்டார். கையைத் தூக்கிக் காட்டினார். அக்குளுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத் துண்டு தனியாக வைத்துத் தைத்திருந்தது.

"இது உங்க பழைய ஃபாக்டரி பீஸ். ஆர்டர் குடுக்கற பையர் இப்ப இந்தத் துண்டு வேண்டாம்னு சொல்றாரு. ஆனா கைய முழுசாத் தூக்கணும், ஜாக்கெட் கூடவே மேல ஏறக் கூடாது. துண்ட எடுத்துட்டா கைக்குழிய இறக்கணுமா, ஏத்தணுமா?"

அண்ணன் ஜாக்கெட்டை வாங்கினான். அவனுக்குத் துணி என்றால் தனி மரியாதை. உள்ளே வெளியே திருப்பினான், தையலைக் கட்டைவிரலால் தடவினான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான், பெரிய வைத்தியர் மாதிரி தலையை ஆட்டினான். நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

"நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்றான்.

சாதாரணமாகத்தான் சொன்னான். தயக்கமே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தால், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைக்கவில்லை என்று தெரிந்தது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நான் அப்ப பையர் பக்கம் வேலை பாத்துட்டிருந்தேன்" என்றார். "உங்க ஃபாக்டரிக்குச் செக்கிங்குக்கு வந்திருக்கேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எது கேட்டாலும் 'நாளைக்குச் சொல்றேன்'பீங்க. மறுநாள் காலைல அச்சு அசலா சரியான பதில் வரும். எங்க ஆபீஸ்ல உங்களுக்கு 'நாளைக்கு மாஸ்டர்'னே பேரு. அவசரப்படாம யோசிச்சுச் சொல்ற ஆளுன்னு நாங்க உங்களப் பத்திப் பெருமையா பேசிக்குவோம்."

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அண்ணனின் முகம் சுண்டிப்போனது. பாவமாகவும் இருந்தது, ரெண்டு அறை வைக்கலாம் போலவும் இருந்தது. மேடம் அவனை விட்டுவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார். பென்சிலை எடுத்து அவள் பக்கம் உருட்டினார்.

"நீங்க சொல்லுங்க. இறக்கணுமா, ஏத்தணுமா? வரைஞ்சே காட்டிடுங்க."

வேலை அந்தப் பென்சிலில் இருந்தது. எடுத்து ரெண்டு கோடு இழுத்தால் போதும். அண்ணிக்குப் பதில் தெரியும் என்று எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக அவனுடைய 'நாளைக்கு' எல்லாம் அவளிடமிருந்து வந்ததுதானே. பென்சில் உருண்டு வந்து அவள் கையில் இடித்து நின்றது. அவள் எடுக்கவில்லை.

"அண்ணி" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கண்டிப்பா வரையறேன் மேடம்" என்றாள் அண்ணி.  "ஆனா இப்ப வரைஞ்சா, எனக்கு வரைய வரும்னுதான் தெரியும். வேலை கிடைக்கும். அந்த எட்டு வருஷம் கிடைக்காது. ஒத்தாசை பண்ணவ இன்னிக்கு நல்லா வரையறான்னு ஆயிடும். அவரு சொல்லட்டும். முதல்ல அவரு வாயால சொல்லட்டும்."

"அது உங்க வீட்டு விஷயம்" என்றார் மேடம்.

"இவ்வளவு நாளா வீட்டு விஷயமாத்தான் வச்சிருந்தேன். பயோடேட்டால எழுதிட்டேன். இனிமே வீட்டு விஷயம் இல்ல."

மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது. "பாருங்க, எனக்கு மீட்டிங் இருக்கு. வெளிய இன்னும் மூணு பேரு உக்காந்திருக்காங்க. நீங்க வரையலைன்னா ரெண்டையும் எடுத்து ஓரமா வச்சிட்டு அடுத்தவங்களக் கூப்பிடுவேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் ரெண்டு காகிதத்தையும் சேர்த்து அடுக்கி, கிளிப்பையும் கையில் எடுத்துவிட்டார்.

 இந்தப் பெண்ணுக்கு என்ன பிடிவாதம்! கைக்கு எட்டியதைக் காலால் தள்ளுகிறாளே என்று எனக்கு வந்தது. எழுந்து நானே போட்டு உடைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் நான் சொல்லி என்ன பிரயோஜனம்? ரெண்டையும் அடித்தவள் நான். என் வார்த்தையை யார் நம்புவார்கள்? அண்ணி அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாக்கெட் இன்னும் அவன் கையில் இருந்தது.

மேடம் எழுந்தார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

"எனக்குப் பேட்டர்ன் போட வராது மேடம்" என்றான் அண்ணன்.

மேடம் நின்றார். அவன் நிமிரவில்லை. அந்தச் சதுரத் துண்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"ஒண்ணுகூட நான் போட்டதில்ல. எல்லாம் அவதான். இந்தத் துண்டு... பையர் குடுத்த படத்துல இது கிடையாது. அவ காடாத் துணில தச்சு எனக்குப் போட்டுவிட்டு அளவு பாப்பா. எப்பவும் என்மேலதான் போட்டுப் பாப்பா. அன்னிக்குப் போட்டுக்கிட்டே பரண்மேல பெட்டிய வைக்கக் கையத் தூக்கினேன். அக்குள்ல டர்ருனு கிழிஞ்சிருச்சு. ராத்திரி முழுக்க வேலை பண்ணது வீணாப் போச்சேன்னு நான் கத்தினேன். அவ கத்தல. அப்படியே நில்லுங்கன்னுட்டா. கையத் தூக்கினபடியே நின்னேன். கிழிஞ்ச எடத்த அளந்தா. இந்த ஜாக்கெட்டப் போடறவங்கள்லாம் கையத் தூக்கி வேலை பாக்கறவங்கதானே, படம் போட்டவருக்கு இது தெரியலன்னு சொல்லிட்டு இந்தத் துண்ட வரைஞ்சா. மறுநாள் முதலாளி என்கிட்ட, எப்படிய்யா உனக்கு இது தோணுச்சுன்னு கேட்டாரு. தோணுச்சுங்கன்னேன்."

 அவன் அதோடு நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. எதிரே தொங்கிய ஜாக்கெட்டுகளைக் கையால் காட்டினான்.

"அந்த நீலம், அவளுக்குக் காய்ச்சலா இருக்கும்போது போட்டது. படுத்துக்கிட்டே சொன்னா, நான் கோடு இழுத்தேன். ஸ்கேலப் பிடிச்சது நான், கணக்கு அவ. அந்தத் தொப்பி வச்சது, நாலு தடவ கிழிச்சுப் போட்டா. எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. அவளுக்குப் பிடிக்கல. நாலாவது தடவ எனக்கும் ஏன்னு புரிஞ்சுது. ஒத்தாசைன்னு சொன்னேன்ல மேடம். அது நான்தான். ஒத்தாசை பண்ணது நான்."

 அண்ணி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல். ஃபாக்டரி மூடியபோதுகூட அவள் அழவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒன்றைக் கேட்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்ததே.

மேடம் உட்கார்ந்தார். "பென்சில எடுங்கம்மா" என்றார் அண்ணியிடம்.

அண்ணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். சுருளிலிருந்து பேப்பரை இழுத்தாள். அதற்குப் பிறகு அவள் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டாள். வளைவு ஸ்கேலை வைத்தாள், எடுத்தாள், கொஞ்சம் தள்ளி வைத்தாள். "ஏத்தணும்" என்றாள் தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "குழிய ஏத்திட்டு, கையோட தலைப்ப மட்டமாக்கணும்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து குனிந்தார். அவள் முடிக்கும்வரை மீட்டிங்குக்குப் போகவில்லை.

வெளியே வரும்போது அண்ணியின் கையில் வேலைக்குச் சேரச் சொல்லும் கடிதம் இருந்தது. அண்ணனின் பயோடேட்டாவை மேடம் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இந்த வேலைக்கு ஆள் கிடைச்சாச்சு" என்றார். குத்திக் காட்டாமல்தான் சொன்னார். அவன் அதை ரெண்டாக மடித்துக் கொண்டான்.

திரும்பும் வழியிலும் அண்ணி முன்னால், அண்ணன் பின்னால்.  அண்ணி ஏதாவது சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். பரவாயில்லை என்றாவது. அவள் சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு ஒரு நாள் உண்மை ஈடாகுமா? அவசரப்பட்டு மன்னிக்கிற ஆள் இல்லை அவள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

"குட்டி" என்றான் அண்ணன் பின்னாலிருந்து. எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது, இன்னும் குட்டிதான். "இத மாத்தி அடிக்கணும்."

"அடிக்கலாம். அந்த எட்டு வருஷத்துக்கு என்ன போட?"

 கண்ணாடியில் பார்த்தேன். மடித்த காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தான். சித்தி மருமகனின் தூக்கத்துக்கே பெயர் கண்டுபிடித்த எனக்கு, இவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"கட்டிங்னு போடு" என்றாள் அண்ணி. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "சாம்பிள் எல்லாம் அவருதான் வெட்டினாரு. பேட்டர்ன் மாஸ்டர் ஆனப்புறமும் கத்திரிய யார்கிட்டயும் குடுக்கல. நான் போட்ட கோட்ட விட்டு ஒரு நூல்கூட விலகினது இல்ல."

"யாரு நம்புவா?" என்றான் அண்ணன். "மாஸ்டரா இருந்தவன் கட்டிங்குக்கு வந்து நின்னா, ஏன்னு கேக்கமாட்டாங்களா?"

"கேக்கட்டும். யாரக் கேட்டாத் தெரியும்னு கடைசில ஒரு பேரு போடுவாங்கல்ல? அதுல என் பேரப் போடும்மா."

அண்ணன் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். இத்தனை நாளில் அவன் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். "போன் பண்ணாங்கன்னா நீ என்ன சொல்லுவ?"

"கேட்டத சொல்லுவேன். வெட்டத் தெரியுமான்னு கேட்டா, அவரு மாதிரி ஆளு கிடைக்காதும்பேன். வரையத் தெரியுமான்னு கேட்டா, தெரியாதும்பேன்."

அவன் மெல்ல சீட்டில் சாய்ந்துகொண்டான். சிக்னலில் நின்றோம். 

"குட்டி, அவ பேருக்குக் கீழ பேட்டர்ன் மாஸ்டர்னு போட மறந்துராத" என்றான்.